கல்யாணத்துக்கு அப்புறம் ஏன் உடம்பு போடுது? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து எடையைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

கல்யாணம் ஆகி ஆறு மாசம் கழிச்சு ஜோடியா ஏதாவது விசேஷ வீட்டுக்குப் போனா, "என்ன மாப்ள, மாமியார் வீட்டு சாப்பாடு நல்லா ஒட்டிடுச்சு போல"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பாங்க, பொண்ணைப் பாத்து "பூசினாப்புல இருக்கியே, ஏதும் விசேஷமா?"ன்னு இன்னொருத்தங்க கேப்பாங்க. கேக்குறவங்க பாசமாத்தான் கேக்குறாங்க. ஆனா அந்தப் பூசினாப்புலங்கிறது அஞ்சு வருஷத்துல பத்து கிலோ ஆகி, முப்பத்தஞ்சு வயசுல சுகர், ஸ்கேன் எடுத்தா ஃபேட்டி லிவர்னு வந்து நிக்கிறது இப்ப நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா நடக்குது.

தேசிய குடும்ப நல சர்வே 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பொண்ணுங்கள்ல 40.4 சதவீதம் பேர், ஆம்பளைங்கள்ல 37 சதவீதம் பேர் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டுற எண்) 25 இல்லன்னா அதுக்கு மேல இருக்காங்க, அதுக்கு முந்தின சர்வேல (2015-16) இது 30.9, 28.2னு இருந்துச்சு. இந்தியா முழுசுக்கும் பாத்தா 24, 22.9 தான், அப்ப நம்ம எங்க நிக்கிறோம்னு நீங்களே பாத்துக்கோங்க.

இந்த வழிகாட்டில நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணம் ஆனவங்க தனியா டயட் இருந்தா அது நிக்காது. அடுப்பு ஒண்ணு, எண்ணெய் கேன் ஒண்ணு, ராத்திரி சாப்பிடுற நேரம் ஒண்ணு, அதனால மாத்தணும்னா வீட்டு வழக்கத்தைத்தான் மாத்தணும், ஒருத்தரோட தட்டை மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்ல. அமெரிக்காவுல ஃப்ரேமிங்காம்ங்கிற ஊர்ல 12,067 பேரை 32 வருஷம் தொடர்ந்து பாத்த ஆய்வு 2007ல வந்துச்சு, அதுல கணவன் மனைவில ஒருத்தருக்கு உடல் பருமன் வந்தா இன்னொருத்தருக்கும் வர்ற வாய்ப்பு 37 சதவீதம் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. இன்னொரு ஆய்வு 2013ல, புதுசா கல்யாணம் ஆன 169 ஜோடிகளை நாலு வருஷம் பாத்தாங்க, அதுல யாரு கல்யாண வாழ்க்கையில திருப்தியா இருந்தாங்களோ அவங்களுக்குத்தான் எடை அதிகமா ஏறியிருக்கு. இனிமே யாரையும் கவரணும்னு இல்லையேங்கிற நிம்மதி வந்துடுது, எடையைப் பத்தின கவனம் தளர்ந்துடுதுன்னு அதுக்கு விளக்கம் சொல்றாங்க. சந்தோஷமா இருக்கிறது தப்பு இல்ல, அந்த சந்தோஷத்தை எல்லாம் சாப்பாட்டு வழியாவே கொண்டாடுறதுதான் சிக்கல்.

ஸ்டெப் 1: முதல்ல ரெண்டு பேரும் அளந்து எழுதி வைங்க

காலையில பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாருங்க. பிஎம்ஐ கணக்கு எப்படின்னா, எடையை (கிலோல) உயரத்தால (மீட்டர்ல) ரெண்டு தடவை வகுக்கணும். வெளிநாட்டு சார்ட்ல 25 வரைக்கும் நார்மல்னு போட்டிருப்பான், நமக்கு அது செல்லாது, ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு கம்மி எடையிலேயே வயித்தைச் சுத்தி கொழுப்பு சேர்ந்து சுகர் வந்துடுது. அதனால இந்தியர்களுக்கு 23 தாண்டினா அதிக எடை, 25 தாண்டினா பருமன்னு டாக்டர்ங்க வச்சிருக்காங்க. 165 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஆம்பளைக்கு 62.6 கிலோ தாண்டினாலே 23 வந்துடும், 68 கிலோல 25. 155 சென்டிமீட்டர் பொண்ணுக்கு 55 கிலோவுல 23, 60 கிலோவுல 25.

எடையை விட முக்கியம் இடுப்புச் சுத்தளவு. தையல் டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல, மூச்சை சாதாரணமா விட்டுட்டு, வயித்தை உள்ள இழுக்காம அளங்க. பேண்ட் சைஸ் 34னு சொல்லி ஏமாந்துடாதீங்க, தொப்பைக்குக் கீழ பேண்ட்டை எறக்கிப் போட்டா சைஸ் மாறவே மாறாது. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர் (சுமார் 35.5 இஞ்ச்), பொம்பளைக்கு 80 சென்டிமீட்டர் (31.5 இஞ்ச்), இதுக்கு மேல போனா கவனிக்கணும்.

ஒண்ணு சொல்லிடுறேன், கல்யாணத்துக்கு முன்னாடி பிஎம்ஐ 18.5க்குக் கீழ இருந்தவங்களுக்கு நாலஞ்சு கிலோ ஏறுனா அது நல்லதுதான், அவங்க இந்த வழிகாட்டியைப் படிச்சுட்டு பட்டினி கிடக்க வேண்டாம்.

ஸ்டெப் 2: எடை எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுங்க

"முப்பதைத் தாண்டினா மெட்டபாலிசம் குறைஞ்சிடும், அதான் போடுது"ன்னு எல்லாரும் சொல்றாங்க. 2021ல 6,400 பேருக்கு மேல அளந்து பாத்த ஒரு பெரிய ஆய்வு, உடம்பு சைஸைக் கணக்குல எடுத்துக்கிட்டா 20 வயசுல இருந்து 60 வயசு வரைக்கும் உடம்பு செலவழிக்கிற சக்தி கிட்டத்தட்ட மாறாமத்தான் இருக்குன்னு காட்டுச்சு. அப்ப மாறுனது என்ன? வாழ்க்கை முறைதான்.

பையனைப் பாருங்க, பேச்சிலரா இருந்தப்ப மெஸ்ல அளவா ரெண்டு கரண்டி சோறு, சாயங்காலம் பசங்களோட கிரிக்கெட் இல்லன்னா ஜிம்மு, பல நாள் காலை டிபனே கிடையாது. கல்யாணம் ஆனதும் மூணு வேளையும் சூடா தட்டுல விழுது, ஜிம் ஃபீஸ் கட்டினது கட்டினபடி இருக்கு, ஆபீஸ் விட்டா நேரா வீடு. பொண்ணுக்கு வேற மாதிரி. கல்யாணத்துக்கு முன்னாடி ரிசப்ஷன் போட்டோல ஒல்லியா தெரியணும்னு ரெண்டு மாசம் வெறும் ஜூஸும் சாலட்டுமா கிடந்து ஏழெட்டு கிலோ இறக்கியிருப்பாங்க, அப்படி வேகமா இறக்குறப்ப கொழுப்போட சேர்ந்து தசையும் போயிடும், திரும்ப ஏறும்போது கொழுப்புதான் அதிகமா ஏறும். புது ஊர், புது வீடு, வேலையை விட்டிருந்தா நடமாட்டமே சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும்தான்.

ஒரு பெரிய விஷயம் யாரும் பேசுறதில்ல. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்குல உக்காந்த வேலை பாக்குற 65 கிலோ ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி தேவை, 55 கிலோ பொண்ணுக்கு 1,660. கிட்டத்தட்ட 450 கலோரி வித்தியாசம். ஆனா ஜோடியா உக்காந்து சாப்பிடும்போது அவருக்கு நாலு தோசைன்னா இவங்களுக்கும் நாலு தோசை, அவர் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தா ரெண்டு கப்பு. ஒரு நாளைக்கு வெறும் 100 கலோரி கூடுதலா போனாலே ஏழெட்டு மாசத்துக்குள்ள கிலோ கணக்குல தெரிய ஆரம்பிச்சிடும், அதனாலதான் பல வீட்டுல பொண்ணுக்குத்தான் முதல்ல ஏறுது, பேச்சும் அவங்கதான் வாங்குறாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, கல்யாணத்துக்காக சிகரெட்டை விட்டவங்க. விட்ட முதல் வருஷத்துல சராசரியா 4ல இருந்து 5 கிலோ ஏறும், இது தெரிஞ்ச விஷயம்தான், இதுக்குப் பயந்து திரும்ப பத்த வச்சுடாதீங்க, சிகரெட்டோட கெடுதலுக்கு முன்னாடி இந்த எடை ஒண்ணுமே இல்ல. சரக்கு அடிக்கிறவங்க கணக்குல வச்சுக்கோங்க, 90 மில்லி விஸ்கில மட்டும் 200 கலோரிக்கு மேல இருக்கு, சைட் டிஷ்ஷு தனி.

ஒரு வாரம் ரெண்டு பேரும் ஒரே நோட்டுல வாயில போட்ட எல்லாத்தையும் எழுதுங்க. டீயோட போன ரெண்டு முறுக்கு, குழந்தை தட்டுல மீந்ததை "வீணாப் போகுதே"ன்னு வாயில போட்டது, சமைக்கும்போது ருசி பாத்தது, எல்லாம். அடுத்தவர் எழுதுனதை வச்சு சண்டை போடக்கூடாதுன்னு முதல்லயே பேசி வச்சுக்கிட்டு எழுதுங்க.

ஸ்டெப் 3: எண்ணெய் கேனுல இருந்து ஆரம்பிங்க

நான் இதை முதல்ல வைக்கக் காரணம், இதுல யாரும் பசியோட இருக்க வேண்டாம். மளிகை பில்லை எடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகுது? பல வீட்டுல நல்லெண்ணெய், சன்ஃப்ளவர், நெய் எல்லாம் சேத்தா சாதாரணமா 3 லிட்டர் வரும். அதை கணக்கு போட்டா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 45 கிராம், அதாவது 400 கலோரிக்கு மேல வெறும் எண்ணெய். உக்காந்த வேலை பாக்குற ஆம்பளைக்கு 25 கிராம், பொண்ணுக்கு 20 கிராம்னு ஐசிஎம்ஆர் சொல்லுது, அப்படின்னா ரெண்டு பேருக்கும் மாசத்துக்கு நெய் உட்பட ஒண்ணரை லிட்டர்தான்.

செய்ய வேண்டியது: மாசம் பிறந்ததும் ஒண்ணரை லிட்டர் மட்டும் வாங்குங்க, தீந்தா தீந்ததுதான்னு இல்ல, எப்பத் தீருதுன்னு பாருங்க. 20ஆம் தேதியே தீந்தா அடுத்த மாசம் 25 வரைக்கும் ஓட்டிப் பாருங்க. கேனை சாய்ச்சு ஊத்துறதை நிறுத்திட்டு ஸ்பூன்ல அளந்து விடுங்க. தோசைக்கல்லுக்கு நம்ம பாட்டிங்க பண்ணுனதுதான் பெஸ்ட், வெங்காயத்தை பாதியா வெட்டி, கரண்டிக் காம்புலயோ ஃபோர்க்லயோ குத்தி, எண்ணெயில லேசா தொட்டு கல்லுல தேய்ச்சுட்டு மாவை ஊத்துறது, அதுக்கு மேல சுத்தி ஊத்த வேண்டியதே இல்ல. இரும்புக்கல்லு நல்லா பழகியிருந்தா தோசை அப்படியே எழும்பி வரும். அப்பளத்தை சுட்டுடுங்க. வடை பஜ்ஜி வாரத்துக்கு ஒரு நாள்னு வைங்க, அந்த மிச்ச எண்ணெயைத் தாளிக்க எடுத்து வைக்காதீங்க.

ஸ்டெப் 4: ராத்திரி சாப்பாடு

கல்யாணம் ஆனவங்க எடை ஏறுறதுல பெரும்பங்கு இந்த ஒரு வேளைக்குத்தான்னு நான் நினைக்கிறேன். அவர் டிராஃபிக்ல மாட்டி ஒன்பது மணிக்கு வர்றாரு, வந்து குளிச்சு உக்கார ஒன்பதரை, அவங்க "சேர்ந்தே சாப்பிடலாம்"னு காத்துக்கிட்டு இருப்பாங்க, ஆனா ஆறு மணிக்கே பசிச்சதால பிஸ்கட், மிக்சர்னு உள்ள போயிருக்கும், அப்புறம் சீரியலோ மொபைலோ பாத்துக்கிட்டே அஞ்சு தோசை, அப்படியே படுக்கை. நாள் முழுக்க பேசாத ஜோடி பேசுற நேரமே அதுதான்ங்கிறதால இதை மாத்த மனசு வராது, எனக்குப் புரியுது. அதனால சேர்ந்து உக்காருறதை விட வேண்டாம், நேரத்தையும் அளவையும் மாத்துங்க.

முடிஞ்சா எட்டு மணிக்குள்ள. முடியாதுன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு பேரும், அவர் ஆபீஸ்லயே, ஒரு கப் சுண்டல் இல்லன்னா ரெண்டு முட்டை இல்லன்னா மோரும் வேர்க்கடலையும் சாப்பிட்டுடுங்க, ராத்திரிக்கு அளவைப் பாதியா குறைச்சுக்கலாம், அந்தப் பாதியை பேசிக்கிட்டே நிதானமா சாப்பிடலாம். போனை வேற ரூம்ல வைங்க.

தட்டுல பாதி காய். கால்வாசி சோறு இல்லன்னா சப்பாத்தி, மிச்ச கால்வாசி பருப்பு, முட்டை, மீன், கோழி, பயறு இந்த மாதிரி. நம்ம சாப்பாட்டுல காயை ஊறுகாய் மாதிரி ஓரமா வைக்கிறதுதான் வழக்கம், கூட்டும் பொரியலும் முதல்ல நிறைய போட்டுட்டு அப்புறம் சோத்துக்குப் போனா தானா குறையும். இட்லி தோசைன்னா சாம்பாரை கெட்டியா பருப்போட ஊத்திக்கோங்க, வெறும் தேங்காச் சட்னில ஒண்ணுக்கு ரெண்டா உள்ள போயிடும். எண்ணிக்கையைப் பரிமாறுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, "இன்னொண்ணு வச்சுக்கோங்க"ங்கிற பாசத்துக்கு "போதும்மா"ன்னு சொன்னா கோச்சுக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கணும். டீ காபிக்கு சர்க்கரை ஒரு ஸ்பூன் 20 கலோரி, நாலு டீக்கு ரெண்டு ரெண்டு ஸ்பூன்னா 160, வாராவாரம் அரை ஸ்பூனா குறைச்சுட்டு வாங்க, நாக்கு பழகிடும்.

ஸ்டெப் 5: விருந்து சீசன்

முதல் வருஷம் தப்பிக்கவே முடியாது. மறுவீடு, மாமா வீடு, சித்தி வீடு, தலை ஆடி, தலை தீபாவளி, தலைப் பொங்கல், எல்லாத்துலயும் இலை நிறைய. போகாம இருக்காதீங்க, சொந்தம் முக்கியம். அன்னைக்கு வேற வேளைகளை லேசாக்கிக்கோங்க, அவ்வளவுதான். பிரியாணி ஒரு தடவை மட்டும் வாங்கிட்டு, இனிப்புல ரெண்டு பேரும் ஒண்ணைப் பங்கு போட்டுக்கோங்க. வீட்டுக்குக் கட்டிக் குடுக்கிற பலகார டப்பாதான் உண்மையான ஆபத்து, அதிரசமும் முறுக்கும் ஒரு வாரத்துக்கு கண்ணு முன்னாடி இருக்கும், அன்னைக்கே அக்கம்பக்கம், ஆபீஸ்னு பிரிச்சுக் குடுத்துடுங்க.

ஸ்டெப் 6: நடை, தசை, தூக்கம்

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்குற மாதிரி நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கூடவே வாரத்துக்கு ரெண்டு நாள் தசைக்கு வேலை. ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிஷம் ஜோடியா தெருவுல நடங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகரும் அடங்கும், பேசவும் நேரம் கிடைக்கும். தசைக்கு ஜிம்மே வேணும்னு இல்ல, நாற்காலில இருந்து கை ஊனாம எந்திரிச்சு உக்காருறது, சுவத்துல கை வச்சு தண்டால், ரெண்டு தண்ணி பாட்டிலைத் தூக்குறது போதும் ஆரம்பத்துக்கு. நடையை மட்டும் நம்பாதீங்க, முக்கால் மணி நேரம் நடந்தா 150ல இருந்து 200 கலோரி செலவாகும், அதை வர்ற வழில ஒரு சமோசா டீல திருப்பி ஏத்திடலாம்.

தூக்கத்தை நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. 12 ஆரோக்கியமான இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க (2004), வயிறு நிறைஞ்சதுன்னு சொல்ற லெப்டின்ங்கிற ஹார்மோன் 18 சதவீதம் குறைஞ்சிருக்கு, பசியைத் தூண்டுற கிரெலின் 28 சதவீதம் ஏறியிருக்கு. ரெண்டு பேரும் கட்டில்ல படுத்துக்கிட்டு ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்தா மறுநாள் பசி அப்படித்தான் இருக்கும். துணை சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திடீர்னு விழிச்சா அதை கிண்டல் பண்ணாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அது பக்கத்துல படுக்குறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்டெப் 7: கர்ப்பம், பிரசவம்

"ரெண்டு உயிருக்கு சாப்பிடணும்"னு அள்ளிப் போடுவாங்க, ஆனா கர்ப்பத்துல கூடுதலா தேவை ஒரு நாளைக்கு 350 கலோரிதான், ரெண்டு சப்பாத்தி, பருப்பு, ஒரு டம்ளர் பால், முடிஞ்சது. நார்மல் எடைல இருக்கிற பொண்ணுக்கு மொத்தம் 10ல இருந்து 12 கிலோ ஏறுறது நம்ம ஊர் டாக்டர்ங்க பொதுவா எதிர்பாக்குறது. தாய்ப்பால் குடுக்கிற முதல் ஆறு மாசம் 600 கலோரி கூடுதலா வேணும், அப்ப டயட் இருக்கவே கூடாது. சிக்கல் வர்றது பால் நிறுத்தினதுக்கு அப்புறம், அதே அளவு சாப்பாடு, அதே நெய், பிரசவ லேகியம் தொடருது. பால் நிறுத்துற மாசமே அளவைக் குறைக்கணும். வயித்துல துணி கட்டுனா கொழுப்பு கரையாது, பிடிமானத்துக்கு வேணா கட்டிக்கலாம்.

இந்த ஸ்டெப்ல புருஷனுக்குத்தான் வேலை. ராத்திரி மூணு தடவை எந்திரிச்சு பால் குடுக்குற பொண்ணுகிட்ட "வாக்கிங் போ"ன்னு சொல்றது நியாயமே இல்ல. காலையில குழந்தையை நாப்பது நிமிஷம் நீங்க வாங்கி வச்சுக்கோங்க, அவங்க தூங்கட்டும் இல்ல நடக்கட்டும், அது அவங்க இஷ்டம். "என்ன இப்படி குண்டாயிட்ட"ன்னு அம்மாவோ அக்காவோ சொன்னா அங்கயே நிறுத்துங்க.

கருத்தடை மாத்திரையால எடை ஏறும்னு பயந்து நிறுத்திடுறாங்க, ஆய்வுகள்ல மாத்திரையால பெருசா எடை ஏறுனதா நிரூபணம் இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற ஊசில சிலருக்கு ஏறுது, அப்படி இருந்தா டாக்டர்கிட்ட வேற முறை கேளுங்க.

ஸ்டெப் 8: வேகம், பேச்சு

வாரத்துக்கு கால் கிலோல இருந்து அரை கிலோ குறைஞ்சா போதும். இப்ப இருக்கிற எடையில 5ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சாலே சுகர், பிபி, ஃபேட்டி லிவர் எல்லாத்துலயும் நல்ல மாற்றம் தெரியும், 80 கிலோ ஆளுக்கு அது 4ல இருந்து 8 கிலோதான். ஆம்பளைக்கு ஆரம்பத்துல சரசரன்னு இறங்கும், பொண்ணுக்கு மெதுவா, மாதவிடாய்க்கு முன்னாடி தண்ணி கோத்து ஒண்ணு ரெண்டு கிலோ ஏறவும் செய்யும், ஒப்பிட்டுப் பேசாதீங்க.

ஒருத்தருக்கு இப்ப மனசு வரலையா? பரவால்ல, மத்தவர் ஆரம்பிங்க. 2018ல வந்த ஆய்வுல 130 ஜோடிகளை எடுத்து, ஒவ்வொரு ஜோடிலயும் ஒருத்தரை மட்டும் எடை குறைக்க வச்சாங்க, துணையை ஒண்ணுமே பண்ணச் சொல்லல, ஆறு மாசத்துல அந்தத் துணைகள்ல மூணுல ஒரு பங்கு பேருக்கு 3 சதவீதத்துக்கு மேல எடை தானா குறைஞ்சிருந்துச்சு. சமையல் மாறுனா எல்லாருக்கும் மாறும். ஆனா அந்த சமையலை ஒருத்தரே ரெண்டு விதமா செய்யணும்னு எதிர்பாக்காதீங்க, காய் நறுக்குறதுல பாதி அவரும் பண்ணணும்.

ஸ்டெப் 9: டாக்டர்கிட்ட எப்போ

மூணு மாசம் உண்மையா செஞ்சும் அசையலைன்னா, இல்ல சாப்பாடு மாறாமலே திடீர்னு ஏறுனா, தைராய்டு (டிஎஸ்எச்), வெறும் வயித்து சுகர், எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), கொழுப்பு, கல்லீரல் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தா, முகத்துல முடி, பரு கூடுனா பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி பிரச்சினை) இருக்கான்னு பாக்கணும், அதுல 5 சதவீத எடை குறைஞ்சாலே கருமுட்டை வெளியாகுறது பலருக்கு சீராகுது. காலு வீங்கி மூச்சு வாங்குனா தள்ளிப் போடாம அன்னைக்கே போங்க. ஸ்டீராய்டு, சில வலிப்பு மாத்திரை, சில மனநல மாத்திரை, இன்சுலின் இதெல்லாமும் எடை ஏத்தும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, மாத்திக் குடுக்க முடியுமான்னு கேளுங்க.

2025ல மௌஞ்சாரோ, வெகோவிங்கிற எடை குறைக்கிற ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததுல இருந்து கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டுக்கிற ஆளுங்க கூடிட்டாங்க. பருமன் உள்ளவங்களுக்கு நல்ல மருந்துதான், டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தா மட்டும். குழந்தைக்குப் பிளான் பண்றவங்க இதை ரொம்ப கவனிக்கணும், வெகோவியை கர்ப்பத்துக்கு குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தணும், மௌஞ்சாரோ போடும்போது கருத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாமப் போகலாம்ங்கிறதால ஆரம்பிச்ச நாலு வாரமும், டோஸ் ஏத்துற ஒவ்வொரு தடவை நாலு வாரமும் ஆணுறை மாதிரி வேற முறையும் சேத்துப் பயன்படுத்தணும். அதனால முதல் ஊசிக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஒண்ணா டாக்டர் முன்னாடி உக்காந்து, குழந்தை எப்போ வேணும்னு நினைக்கிறோம்ங்கிறதை தேதியோட சொல்லிடுங்க.